மூன்று முறை கேட்க வேண்டும்

ஞானதிரவியம் மாமாவிடம் காப்பி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். அதை நம்பிச் சும்மா உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு தெற்கத்தி நாசரேத்துப் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். இரண்டாவது முறை கேட்டால், "எதுக்கும்மா உனக்கு வீண் செரமம்" என்பார். மூன்றாவது முறை கொஞ்சம் குரலை உயர்த்தி, கோபித்துக்கொள்வது போலக் கேட்க வேண்டும். அப்போதுதான், "சரி, நீ இவ்வளவு சொல்லுத. அரை டம்ளர் போடு" என்று இறங்கி வருவார். அரை டம்ளர் என்று சொன்னாலும் முழு டம்ளர்தான் கொடுக்க வேண்டும்.

மருமகள் ஷீபாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் அத்துப்படி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமனாரை அமெரிக்காவுக்கு வரச் சம்மதிக்க வைப்பதற்கே அவளும் கணவன் எட்வினும் மூன்று வருஷம் கேட்க வேண்டியிருந்தது. வந்து இரண்டு வருஷத்தில் எட்வின் புற்றுநோயில் போய்விட்டான். மகன் இல்லாத வீட்டில் மருமகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று மாமா நகரத்தின் தெற்குப் பக்கம் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போனார். அப்போதும் ஷீபா கேட்டாள், இங்கேயே இருங்கள் மாமா என்று. அந்த வேண்டாம் மட்டும் நிஜமான வேண்டாம். வித்தியாசம் அவளுக்குத் தெரியும். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

நகரம் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்தது. பெயர் அவசியமில்லை. அந்தக் காலத்துக் கோடையில் எல்லா ஊரும் ஒரே ஊராகத்தான் கொதித்தது. ஷீபா வேலை பார்த்தது அந்த ஊரின் வெப்ப உதவி மையத்தில். அங்கே அவள் என்னதான் செய்கிறாள் என்று மாமா ஒருநாள் கேட்டார். கோடை தொடங்குவதற்குச் சற்று முன்னால், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது.

"அதென்னம்மா வேல, நாள் பூரா காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க?"

"போன் பண்ற மிஷின் ஒண்ணு இருக்கு மாமா. ஹேசல்னு பேரு. வெயில் ஏறுச்சுன்னா தனியா இருக்கிற வயசானவங்க எல்லாருக்கும் அது போன் பண்ணும். குரலை வச்சே கண்டுபிடிச்சிரும், நாக்கு வறண்டிருக்கா, பேச்சு குழறுதான்னு. அப்புறம், குளிர்ந்த மண்டபத்துக்கு வர்றீங்களா, வண்டி அனுப்பவான்னு கேக்கும்."

"அதான் மிஷின் இருக்குல்லா. நீ எதுக்கு?"

"யார்கிட்ட எப்படிப் பேசினா கிளம்பி வருவாங்கன்னு அதுக்குப் பழக்கணும். செத்துப்போனவங்கள வச்சுத்தான் பழக்குறோம்."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பயப்படாதீங்க மாமா. ஆவி கீவி இல்ல. தொண்ணூத்தஞ்சுல, சிகாகோவுல, ஒரு ஜூலை மாசம் எழுநூறு பேருக்கு மேல வெயில்ல செத்துப்போனாங்க. நெறையப் பேர் தனியா இருந்த வயசானவங்க. திருடனுக்குப் பயந்து ஜன்னலைக்கூடத் திறக்காம இருந்தவங்க உண்டு. பிணத்தை வைக்க இடமில்லாம குளிர்சாதன லாரியக் கொண்டுவந்து நிறுத்தினாங்க."

"அமெரிக்காவுலயா?"

"அமெரிக்காவுலதான். அதுக்கு ரொம்ப முன்னால, முப்பத்தாறுல, ஊர் ஊரா ஜனங்க வீட்டுக்குள்ள இருக்க முடியாம பார்க்குல, புல்தரையில வந்து படுத்திருக்காங்க. அதுக்கும் முன்னால நியூயார்க்குல ஒரு கோடை. மொட்டை மாடியில தூங்கப் போய், தூக்கத்துல உருண்டு விழுந்தே செத்தாங்க. அப்புறம் எண்பதுல ஒண்ணு, இருபத்தொண்ணுல வடமேற்குப் பக்கம் ஒண்ணு. அவங்க யாரு, எப்படிப் பேசுவாங்க, அக்கம்பக்கம் என்ன சொல்லுச்சுன்னு கிடைச்சதையெல்லாம் போட்டு, ஒவ்வொருத்தரையும் கம்ப்யூட்டருக்குள்ள திரும்பச் செஞ்சு வச்சிருக்காங்க. பாதி நெசம், பாதி ஊகம். ஹேசல் அவங்களுக்குப் போன் பண்ணும். சரியாப் பேசினா கிளம்பி வருவாங்க. தப்பாப் பேசினா..."

"செத்துருவாவளா?"

"திரும்பவும்."

மாமா, "நீ அதக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?" என்றார்.

"ஆமா மாமா. ஹேசல் எந்த இடத்துல தப்பாப் பேசுச்சுன்னு குறிக்கணும்ல."

"ஒரு ஆளுகிட்ட எத்தன தடவ கேக்கும், வண்டி வேணுமான்னு?"

"ஒரு தடவ."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு தடவயா! அப்பம் நான் எப்படிம்மா சரின்னு சொல்லுறது?"

ஷீபாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு இரண்டாவது டம்ளர் காப்பிக்குக் கேட்கத் தொடங்கினாள்.

ஜூலையில் வெப்பம் வந்து உட்கார்ந்தது. இட்லிக் கொப்பரையை மூடி வைத்தது போல ஊர்மேல் காற்று கனத்து நின்றது. நான்கு நாளாகியும் மூடி நகரவில்லை. இரவிலும் சூடு குறையவில்லை. தண்டவாளம் வளைந்து ரயில் நின்றது. மின்சாரத்தைப் பகுதி பகுதியாக நிறுத்திக் கொடுத்தார்கள். மையத்துப் பணியாளர்களை அலுவலகப் பேருந்திலேயே கூட்டிவந்து, எச்சரிக்கை விலகும் வரை அங்கேயே தங்கவைத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் கட்டில்கள் போட்டிருந்தார்கள். தூங்கத்தான் யாராலும் முடியவில்லை.

ஷீபா அலுத்துப் போயிருந்தாள். அலுப்பு இந்த நான்கு நாளில் வந்ததில்லை. ஆறு வருஷமாகச் சேர்ந்தது. கம்ப்யூட்டருக்குள் செய்து வைத்த மாதிரிகளில் ஒருவரான சிகாகோ மிஸஸ் ஹாலோவே அவள் காதுக்குள் எத்தனை முறை செத்திருப்பார் என்று அவளுக்கே தெரியாது. எழுபது வயசு, தையல்காரி, ஆணியடித்து மூடிய ஜன்னல்கள். ஹேசல் எப்படிக் கேட்டாலும், "இல்லை கண்ணு, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். பிறகு மெதுவாக மூச்சு மாறும். ஷீபா அந்த இடத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த அழைப்புக்குப் போவாள். முதல் வருஷம் கழிவறையில் போய் அழுதாள். இப்போது குறி மட்டும் போடுகிறாள். தான் இப்படி ஆகிவிட்டதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஊரில் தமிழர்கள் கொஞ்சம் பேர்தான். தமிழில் நடந்த அழைப்புகள் முடிந்ததும் மொழி சரிபார்க்க ஷீபாவுக்கு வரும். அன்றைக்கு மதியம் வந்த அழைப்பில் பெயரைப் பார்த்ததும் உடனே அதை ஓடவிட்டாள்.

ஹேசல் தமிழ் பேசினால் பழைய வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். "வணக்கம் திரு. ஞானதிரவியம் அவர்களே. தங்கள் உடல்நிலை எவ்வாறு உள்ளது?"

"யாரு? ஆபீஸ்லேருந்தா? நல்லா இருக்கேம்மா. ஆண்டவர் கிருபையில ஒரு கொறையும் இல்ல."

"தங்கள் இல்லத்தில் மின்சாரம் உள்ளதா?"

"காலையிலயே போயிட்டு. வந்துரும், வந்துரும். எத்தன ஊருக்கு நானே கட் பண்ணியிருக்கேன்! இப்பம் எனக்குப் பண்ணுதாவ."

"குளிர்ந்த மண்டபத்திற்குச் செல்லத் தங்களுக்கு வாகனம் தேவையா?"

அந்த இடத்தில் சின்னதாக ஓர் இடைவெளி. பிறகு, "வேண்டாம்மா. எதுக்கு? என்னவிட முடியாதவங்க இருப்பாவ, அவங்களுக்கு அனுப்பு. நீ சாப்பிட்டியா? இந்த வெயில்ல வேலைக்கு வந்திருக்க. தண்ணியக் குடிச்சுக்கோ."

"தங்கள் அக்கறைக்கு நன்றி. வணக்கம்."

திரையில் ஹேசலின் குறிப்பு வந்தது. தெளிவான பேச்சு. நகைச்சுவை உணர்வு. பிறர்மேல் அக்கறை. உதவி தேவையில்லை என்றார். ஆபத்து குறைவு. பச்சை.

ஷீபா அந்த அழைப்பை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மாமா மூச்சு வாங்கினார். நகைச்சுவைக்குப் பிறகு அவர் எப்போதும் சிரிப்பார், இன்றைக்குச் சிரிக்கவில்லை. வேண்டாம் என்பதற்கு முன்னால் வந்த இடைவெளியை உலகத்தில் அவளைத் தவிர யாராலும் படிக்க முடியாது. டம்ளரைப் பார்த்துக்கொண்டே வேண்டாம் என்பாரே, அந்த இடைவெளி. அவர் வண்டியை எதிர்பார்க்கிறார். இன்னொரு முறை கேட்பார்கள் என்று காத்திருக்கிறார்.

அவள் எழுந்து ப்ரெண்டாவின் அறைக்குப் போனாள். ப்ரெண்டா மையத்தின் தலைவி. அடுத்த வருஷம் ஓய்வு. நான்கு நாளாக ஒரே சட்டையில் இருந்தாள்.

"என் மாமனாருக்கு வண்டி வேண்டும்" என்றாள் ஷீபா. "பச்சையில் இருக்கிறார். அது தப்பு."

"உதவி வேண்டாம் என்று சொன்னாரா?"

"சொன்னார். ஆனால் அது வேண்டாம் இல்லை. எங்கள் ஊரில் முதல் முறை கேட்டதுமே சரி என்று சொல்வது மரியாதையில்லை. மூன்று முறை கேட்க வேண்டும்."

ப்ரெண்டா கண்களைத் தேய்த்துக்கொண்டாள். "ஷீபா, உங்கள் ஊர் வழக்கத்துக்காக நான் வரிசையைக் கலைக்க முடியாது. சிவப்பில் இருப்பவர்களுக்கே வண்டி போதவில்லை."

ஷீபா தன் இடத்துக்குத் திரும்பினாள். எங்கள் ஊர் வழக்கமா? அவளுக்குக் கோபம் வந்தது, வெகுநாளைக்குப் பிறகு. மிஸஸ் ஹாலோவேயைத் திறந்தாள். ஹேசலுக்கான கட்டளையில் ஒரே ஒரு மாற்றம் செய்தாள்: வேண்டாம் என்றால் விடாதே, மூன்று முறை கேள். மாதிரிகளுக்கு நம் கடிகாரம் கிடையாது. கண் மூடித் திறப்பதற்குள் ஒரு முழு மதியம் அங்கே ஓடிவிடும்.

"இல்லை கண்ணு, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றார் மிஸஸ் ஹாலோவே, வழக்கம்போல.

ஹேசல் மறுபடியும் கேட்டது.

"உங்களுக்கு எதற்கு வீண் தொந்தரவு?"

ஷீபாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹேசல் மூன்றாவது முறையும் கேட்டது. மிஸஸ் ஹாலோவே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "சரி, நீ இவ்வளவு வற்புறுத்துகிறாய். என் கைப்பையை எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவர் சாகவில்லை. ஷீபா நெப்ராஸ்காவின் முப்பத்தாறாம் வருஷத்து விவசாயியைத் திறந்தாள். எண்பதாம் வருஷத்துக் கிழவர் ஒருவரைத் திறந்தாள். பிறகு எல்லோரையும் மொத்தமாக ஓடவிட்டாள். ஒருவர் பின் ஒருவராக, முதலில் வேண்டாம், அடுத்து உங்களுக்கு எதற்குத் தொந்தரவு, மூன்றாவது முறை சரி. எந்த ஊர், எந்தக் காலம், எந்தத் தோல் நிறம் என்று பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தத் திரையோடு அவள் மறுபடியும் ப்ரெண்டாவிடம் போனாள்.

ப்ரெண்டா அதைப் பார்க்கக்கூட இல்லை. "கதவைச் சாத்து" என்றாள்.

ஷீபா சாத்தினாள்.

"முதல் வருஷமே இதைச் செய்து பார்த்தோம். நீ வேலைக்குச் சேர்வதற்கு முன்னால். மூன்று முறை கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் வருகிறார்கள்."

"பிறகு ஏன் அதை எடுத்துவிட்டீர்கள்?"

"நம்மிடம் எத்தனை வண்டி இருக்கிறது என்று உனக்கே தெரியும். ஒரு முறை கேட்டால், வேண்டாம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. மூன்று முறை கேட்டு எல்லோரும் சரி என்றால், யாருக்கு இல்லை என்பது என் முடிவாகிவிடும்." ப்ரெண்டா ஜன்னலைப் பார்த்தாள். திரை போட்டிருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. "அவர்களுடைய மரியாதையை நம்பித்தான் இந்த மையம் ஓடுகிறது, ஷீபா. நல்லவர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள்."

"இன்னும் வண்டி வேண்டும் என்று மேலே கேட்கவில்லையா?"

"கேட்கிறேன். ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் ஒரு முறை."

ஷீபாவுக்கு அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்குத் தெம்பு இல்லை. ப்ரெண்டாவின் முகத்தைப் பார்த்தால் அதைக் கேட்டுக்கொள்ளும் தெம்பும் அங்கே இருப்பதாகத் தெரியவில்லை. கடைசியில் ப்ரெண்டாதான் பேசினாள்.

"உன் மாமனாரை வரிசையில் மேலே போடுகிறேன். அவர் ஒருவரை மட்டும். அவருக்குப் பின்னால் தள்ளப்படுகிறவரின் பெயரை உனக்குச் சொல்ல மாட்டேன்."

ஷீபா மாமாவுக்குத் தானே போன் செய்தாள். மணி வெகுநேரம் அடித்தது.

"மாமா, நான் ஷீபா. வண்டி அனுப்புறேன். மண்டபத்துக்குப் போயிருங்க."

"நீயா! இப்பந்தான் ஒரு பிள்ள போன் பண்ணிச்சு. பாவம், தமிழ சுத்தமாப் பேசுது. வேண்டாம்னு சொல்லிட்டேம்மா."

"நான் கேக்குறேன் மாமா. வண்டி அனுப்பவா?"

"எதுக்கும்மா வீண் செரமம்? உங்க ஆபீஸ்ல என்ன நெனப்பாவ, வீட்டு ஆளுக்குன்னு..."

"மாமா!" அவள் குரல் உடைந்துவிட்டது. கோபம் போல நடிக்கத் தேவையிருக்கவில்லை. "வண்டி வரும், நீங்க ஏறுறீங்க. அவ்வளவுதான்."

மறுமுனையில் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு மாமா, "சரிம்மா. நீ இவ்வளவு சொல்லுத. எப்பம் வரும்?" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை அவள் தெளிவாகக் கேட்டாள்.

"அரை மணி நேரத்துல வந்துரும் மாமா."

"டிரைவருக்கு வீடு தெரியுமா?"

"எல்லாம் தெரியும் மாமா."

போனை வைத்துவிட்டு ஷீபா மேஜையில் தலை சாய்த்தாள். ஆறு வருஷத்தில் ஒருவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். அந்த அரை மணி நேரம் அவள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள்.

வண்டி அரை மணியில் வரவில்லை. வெயிலில் நெடுஞ்சாலை ஓரிடத்தில் வெடித்துத் தூக்கிக்கொண்டது. வண்டிகள் ஊரைச் சுற்றி வந்தன. ஷீபா தகவல் சொல்ல மாமாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். சாலையில் அடைபட்டிருந்த டிரைவரின் எண்ணுக்கும் செய்தாள். வந்துகொண்டிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறேன் என்றான்.

டெரல் என்ற அந்த டிரைவர் நல்ல பையன். பின்னால் அவன்தான் வந்து எல்லாவற்றையும் சொன்னான். அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது முனையில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. வண்டியைப் பார்த்துக் கையைக் காட்டினார். சிநேகமான கிழவர் என்று நினைத்து அவனும் கையைக் காட்டினான். அவர் இந்த வீடுதான் என்று கட்டடத்தைச் சுட்டியது எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் புத்தியில் உறைத்தது. மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. உள்ளே யாராவது விழுந்து கிடக்கிறார்களோ என்று கதவில் காதை வைத்துப் பார்த்தான். உள்ளே போன் மணி கூட அடிக்கவில்லை. ஆளில்லை என்று குறித்துவிட்டு, மற்ற அழைப்புகள் நெருக்க, பின்பக்கத் தெரு வழியாக அடுத்த வீட்டுக்குப் போனான்.

மாமா வண்டிக்குப் பின்னாலேயே மெதுவாக நடந்து கட்டடத்துக்கு வந்திருக்க வேண்டும். வண்டி போய்விட்டதைப் பார்த்து, இந்தத் தடவை தவறவிடக் கூடாது என்று மறுபடியும் முனைக்கே போயிருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்த நிலையில்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். போன் பைக்குள் வேட்டி சட்டைக்கு அடியில் இருந்தது. அதில் ஷீபாவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் தெருமுனை வரை போய் நின்று கூட்டி வர வேண்டும். நாசரேத்தில் யாரும் இதை யாருக்கும் சொல்லித்தர மாட்டார்கள். வருகிறவர் வீடு தேடி அலையக் கூடாது, அவ்வளவுதான். ஷீபாவின் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது அவள் அப்பாவும் அப்படித்தான் நின்றார். அவளுக்கு இது தெரியும். மூன்று முறை கேட்க வேண்டும் என்பது தெரிந்தவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? சரி என்ற வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில், வீட்டுக்குள்ளேயே இருங்கள் மாமா என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தை கோடை முடிந்த பிறகும் அவளை விடவில்லை. அடக்கத்தில் போதகர் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நாசரேத்திலிருந்து பேசிய நாத்தனார், "உம்மேல என்ன மைனி இருக்கு, கர்த்தர் சித்தம்" என்றாள். டெரல் தன்மேல்தான் தப்பு என்றான். ஷீபா மட்டும் குளிக்கும்போது, கார் ஓட்டும்போது, உள்ளேயே இருங்க மாமா, உள்ளேயே இருங்க மாமா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் ப்ரெண்டா அவளைக் கூப்பிட்டாள்.

"இந்தக் கோடையில் போனவர்களை மாதிரிகளாகச் செய்யப் போகிறோம். குடும்பத்தார் சம்மதித்தால் மட்டும்." அவள் ஷீபாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "தமிழில் நம்மிடம் ஒருவர்கூட இல்லை. முடியாது என்று நீ சொன்னால் எனக்குப் புரியும்."

"முடியாது" என்றாள் ஷீபா.

ப்ரெண்டா தலையசைத்தாள். மறுபடியும் கேட்கவில்லை. ஷீபா கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

மாமா உறவுக்காரர்களுக்குப் பல வருஷமாக அனுப்பியிருந்த குரல் செய்திகளையெல்லாம் நாத்தனார் சேர்த்து அனுப்பிவைத்தாள். ஷீபாவுக்கு அவற்றைக் கேட்கும் தைரியம் இல்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எப்படிச் சாப்பிடுவார், எதற்குச் சிரிப்பார், எப்போது ஜெபிப்பார் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னாள். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே சொல்லவில்லை. தெருமுனைக்குப் போகும் பழக்கத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாமா பிழைக்கட்டும் என்று நினைத்தாள்.

மாதிரி தயாரானதும் முதல் அழைப்பைத் தானே பேசுகிறேன் என்றாள். ப்ரெண்டா மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தானும் காதில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் ஷீபா" என்றாள்.

"நீயா! இப்பந்தான் ஒரு பிள்ள போன் பண்ணிச்சு."

அவரேதான். தொண்டையைச் செருமும் விதம்கூட அவரேதான். ஷீபா கண்ணை மூடிக்கொண்டாள். முதல் முறை கேட்டாள். வேண்டாம் என்றார். இரண்டாவது முறை கேட்டாள். வீண் செரமம் என்றார். மூன்றாவது முறை கேட்டாள்.

"சரிம்மா. நீ இவ்வளவு சொல்லுத. எப்பம் வரும்?"

"வர்றதுக்கு நேரமாகும் மாமா." ஜூலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தைகள் இப்போது தடங்கலில்லாமல் வந்தன. "நீங்க வீட்டுக்குள்ளேயே இருங்க. கீழ எறங்காதீங்க. டிரைவர் மாடிக்கே வந்து கதவத் தட்டுவான். அவனுக்கு வீடு தெரியும். தெருமுனைக்குப் போய் நிக்காதீங்க மாமா. கேக்குதா? போகாதீங்க."

"சரிம்மா" என்றார் மாமா. "நீ சொன்னாச் சரிதான். எங்கயும் போவல."

ஷீபா அழுதுவிட்டாள். அப்படியானால் அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பார். அது தெரிந்தால் தாங்க முடியாது என்று பயந்திருந்தாள். தெரிந்தபோது தாங்கத்தான் முடியவில்லை. ப்ரெண்டா அவள் தோளில் கை வைத்தாள். அழைப்பு முடிந்தது, ஆனால் மாதிரியை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. காதுக்குள் அந்த வீட்டின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா முணுமுணுத்தார், தனக்குத்தானே. "மாடி ஏறி வரணுமாம்ல. பாவம், யாரு பெத்த பிள்ளையோ, இந்த வெயில்ல."

அலமாரி திறந்தது. பிறகு செருப்பு மாட்டும் சத்தம், கதவு பூட்டும் சத்தம், ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கும் சத்தம்.

ப்ரெண்டாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் படிச் சத்தம் புரிந்தது. அவள் நிறுத்தக் கையை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றாள் ஷீபா.

ப்ரெண்டா கையை எடுக்காமல் அவளைப் பார்த்தாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் ஷீபா மறுபடியும். காதில் மாட்டியிருந்ததை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, தெருமுனை வரை அவரோடு கூடவே போனாள்.